விலங்குப் பண்ணையில் அந்த ஐந்து வாளிப் பால்: ஒரு விவாத இழை

மண்முனை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுகிறது. நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின், அதன் போட்டிப் பன்றி ஸ்னோபோல் ட்ரொட்ஸ்கி, பண்ணைக்காரர் ஜோன்ஸ் சார் மன்னர் என்று பொருத்திப் பார்ப்பது ஒன்று. எல்லா விலங்குகளும் சமம் என்ற கட்டளைக்குக் கடைசியில் ஒட்டப்பட்ட, ஆனால் சில விலங்குகள் மற்றவற்றை விடக் கூடுதலாகச் சமம் என்ற வாலை மேற்கோள் காட்டுவது மற்றொன்று. இரண்டும் சரியே. ஆயினும் 1945 ஆகஸ்டில் வெளிவந்த இந்தச் சிறிய நூலை எத்தனை முறை எடுத்தாலும் என்னைத் தடுத்து நிறுத்துவது இரண்டாம் அத்தியாயத்தின் முடிவுதான்.

பண்ணை விலங்குகள் கிளர்ந்தெழுந்து ஜோன்சைத் துரத்தியாகிவிட்டது. கொட்டகைச் சுவரில் ஏழு கட்டளைகளும் பெரிய வெள்ளை எழுத்தில் ஏறிவிட்டன. ஒரு நாள் முழுதும் கறக்கப்படாமல் மடி கனத்துக் கதறிக்கொண்டு நிற்கும் பசுக்களைப் பன்றிகள் கறக்கின்றன. நுரை ததும்ப ஐந்து வாளிப் பால் சேர்கிறது. இவ்வளவு பாலையும் என்ன செய்யப் போகிறோம் என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்கிறது. ஜோன்ஸ் சில வேளைகளில் எங்கள் தீனியில் கொஞ்சம் கலப்பார் என்று ஒரு கோழி சொல்கிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் இப்போது முக்கியம், நீங்கள் முன்னே செல்லுங்கள், நான் சற்று நேரத்தில் வருகிறேன் என்கிறது. எல்லாரும் புல்வெளிக்குப் போகிறார்கள். மாலையில் திரும்பி வரும்போது பால் இல்லை.

கேள்வி கேட்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பதில் தள்ளிப்போடப்பட்டது, மாலையில் எவரும் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. அன்றைக்குப் பண்ணையில் அஞ்ச வேண்டியது எதுவும் இருக்கவில்லை. நெப்போலியனின் வேட்டை நாய்கள் அப்போது பிறந்திருக்கவும் இல்லை. அச்சமில்லாத நாளில் திரும்பக் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியிலிருந்தே பின்னால் வரும் கொலைகள் அனைத்தும் தொடங்குகின்றன என்று நான் நம்புகிறேன். இந்தப் பண்ணையை எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? நூலைப் படித்தவர்கள் காட்சியைச் சுட்டிக்காட்டிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்லடி ஆசிரியை

தங்கள் கருத்துக்கு ஓர்வெலே சாட்சி. 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் டுவைட் மக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், பன்றிகள் பாலையும் அப்பிளையும் தமக்கென வைத்துக்கொண்ட இடமே கதையின் திருப்புமுனை என்றும், அந்த வேளையில் மற்ற விலங்குகள் உறுதியாக நின்று மறுத்திருந்தால் நிலைமை சரியாகியிருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் ‘மற்ற விலங்குகள்’ என்று எல்லாரையும் ஒரே நிரையில் நிறுத்தலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல்லாண்டு காலம் வகுப்பறையில் எழுத்தறிவித்தவள் என்ற முறையில் மூன்றாம் அத்தியாயத்தை நான் மிகவும் மெதுவாக வாசிப்பேன். பொக்சர் என்ற வண்டிக் குதிரைக்கு ஆங்கில நெடுங்கணக்கில் நான்கு எழுத்துகளுக்கு மேல் மனத்தில் நிற்கவில்லை. குளோவர் என்ற பெட்டைக் குதிரைக்கு எல்லா எழுத்துகளும் தெரியும். சொல்லாகக் கூட்டத் தெரியாது. மியூரியல் என்ற ஆடு நன்றாகவே வாசிக்கும். பெஞ்சமின் என்ற கழுதை எந்தப் பன்றிக்கும் குறையாமல் வாசிக்கும்; ஆனால் வாசிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று சொல்லி வாசிப்பதே இல்லை.

படுகொலைகளுக்குப் பிறகு, எந்த விலங்கும் மற்றொரு விலங்கைக் கொல்லக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததாகக் குளோவருக்கு நினைவு வருகிறது. அந்த ஆறாம் கட்டளையை வாசித்துக் காட்டும்படி அது முதலில் பெஞ்சமினிடம்தான் கேட்கிறது. இப்படிப்பட்ட விடயங்களில் நான் தலையிடுவதில்லை என்று கழுதை மறுத்துவிடுகிறது. குளோவர் மியூரியலைத் தேடிப் போகிறது. ஆடு வாசிக்கும்போது ‘காரணமின்றி’ என்ற ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. அந்தச் சொல் தம் நினைவிலிருந்து எப்படியோ நழுவிவிட்டது போலும் என்று அவை தங்களையே சந்தேகித்துக்கொண்டு திரும்பிப் போகின்றன.

எழுதப் படிக்கத் தெரியாத பொக்சரை நான் நோவதற்கு இல்லை. படிக்கத் தெரிந்திருந்தும் ஒரு வரியை வாசித்துச் சொல்ல மறுத்த கழுதையை எனக்கு மன்னிக்க முடியவில்லை.

படுவான்கரை விவசாயி

ஆசிரியை சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பண்ணையில் ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் நடந்தது, தீர்மானங்கள் நிறைவேறின, வாக்கெடுப்பும் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டங்களுக்குக் கூட்டறிக்கை இருந்ததாக எங்கும் இல்லை. ஆறாம் அத்தியாயத்தில், மனிதருடன் வியாபாரம் செய்வதில்லை, பணத்தைத் தொடுவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோமே என்று விலங்குகள் மனம் குழம்பும்போது, நெப்போலியனுக்காகப் பேசும் ஸ்குவீலர் என்ற பன்றி ஒவ்வொருவராகச் சந்தித்து, அப்படி ஒரு தீர்மானம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா, நீங்கள் கனவு கண்டிருக்க மாட்டீர்கள் என்பது உறுதியா என்று கேட்கிறது. எழுத்தில் இல்லை என்பது உண்மையாகவே உண்மை. ஆகவே விலங்குகள் தாங்களே பிழை விட்டுவிட்டதாக ஏற்றுக்கொள்கின்றன.

நான் நவகிரிக் குளத்து நீரை நம்பி வயல் செய்பவன். எங்கள் பக்கத்தில் போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வட்டை என்னும் வயல்வெளியிலிருந்து வெளியேற்றுவது, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானை யார் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை சின்ன விடயங்கள். தண்ணீர் ஒரு கிழமை பிந்தினால் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைக்கண்டத்துக்காரன் அந்தப் போகத்தையே இழப்பான் என்பது எங்களுக்குத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் சங்கத்தையும் குறிப்பிட விரும்பவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் சென்ற கூட்டறிக்கையை வாசிப்பார்கள், ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பிறகுதான் அடுத்த வேலை. ஒரு நாள் நேரம் போய்விட்டது, வாசித்ததாகவே ஏற்றுக்கொள்வோம் என்று தலைமையில் இருந்தவர் சொன்னார். வெயில் நேரம், எல்லாருக்கும் வீட்டுக்குப் போக அவசரம், தலையாட்டினோம். அடுத்த கூட்டத்திலும் அதுவே நடந்தது. பின்பு பதிவுக் கொப்பி அவருடைய வீட்டிலேயே தங்கிவிட்டது. வாய்க்கால் துப்புரவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நாங்கள் கொடுத்த காசில் எவ்வளவு செலவானது, எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு முதியவர் கேட்டபோது, அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை, தண்ணீர் வரப்போகிறது, வயலைக் கவனியுங்கள் என்று பதில் வந்தது. இந்த நூலில் நெப்போலியன் பாலைப் பற்றிச் சொல்லும் பதிலை வாசித்தபோது, எங்கள் கொட்டிலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் எழுதியது போல எனக்கு இருந்தது.

வந்தாறுமூலை மாணவி

நான் இந்த நூலை இவ்வருடம்தான் வாசித்தேன். ஒன்று கேட்க விரும்புகிறேன். ஸ்னோபோலை நாய்கள் விரட்டாமல் இருந்திருந்தால் பண்ணை நன்றாகத்தானே நடந்திருக்கும்? காற்றாலைத் திட்டத்தை வரைந்தது அது. விலங்குகளுக்கு வாசிக்கக் கற்பிக்க வகுப்பு நடத்தியது அது. ஜோன்ஸ் திரும்பி வந்து தாக்கிய மாட்டுக் கொட்டகைப் போரில் முன்னால் நின்று காயப்பட்டதும் அது. நல்ல தலைவர் தோற்று, கெட்ட தலைவர் வென்றார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

மண்முனை வாசகன்

தங்கை, அந்த இடத்தை மீண்டும் ஒரு முறை பாருங்கள். உதிர்ந்த அப்பிள்களை எல்லாரும் பங்கிட்டு உண்ணலாம் என்று விலங்குகள் எண்ணியிருக்க, அவை முழுவதும் பன்றிகளுக்கே சேர வேண்டும் என்று கட்டளை வருகிறது. அந்த ஒரு விடயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒருமித்து நின்றன, ஸ்னோபோலும் நெப்போலியனும்கூட, என்று ஓர்வெல் தெளிவாகவே எழுதுகிறார். கூட்டத்துக்குக் கூட்டம் எதிரெதிராக நின்று வாதாடிய இருவரும் அப்பிளில் மட்டும் உடன்பட்டார்கள். ஸ்னோபோல் திறமையானது, துணிவானது. இருந்தும் பாலைக் குடித்தது. திறமையுள்ளவர் தலைமைக்கு வந்தால் போதும், அவரைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை நூல் ஏற்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். வகுப்பு நடத்தியது பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான். அந்த வகுப்பைத் தொடர்ந்து நடத்த ஸ்னோபோலுக்குப் பின் எவரும் இருக்கவில்லை என்பது பெரிய இழப்பு.

அக்கரைப்பற்று வாசகர்

அனைவருக்கும் ஸலாம். ஆசிரியை அவர்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் பெஞ்சமினை இவ்வளவு எளிதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நாய்களை மறந்துவிட்டுப் பேசுகிறோம். ஒன்பது குட்டிகளை நெப்போலியன் தாயிடமிருந்து பிரித்துப் பரணில் வைத்து வளர்த்தது. அவை வளர்ந்து வந்த நாளிலிருந்து பண்ணையில் பேச்சு வேறு, வாழ்வு வேறு ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை நிறுத்தியபோது எதிர்த்துக் குரல் எழுப்பிய நான்கு இளம் பன்றிகளைப் பின்னர் ஏழாம் அத்தியாயத்தில் காண்கிறோம். எல்லாருக்கும் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கையோடு நாய்கள் அவற்றின் குரல்வளையைக் கிழிக்கின்றன. கோழிகளின் கதி அதைவிடக் கொடியது. வாரத்துக்கு 400 முட்டை விற்பதற்கு ஒப்பந்தம் என்றதும் அவை மட்டும்தான் ஒன்றாகத் திரண்டு எதிர்த்தன. கூரை வளையில் ஏறி முட்டையிட்டு, முட்டைகளைத் தரையில் விழுந்து உடையச் செய்தன. நெப்போலியன் தீனியை நிறுத்தியது. கோழிக்கு ஒரு தானிய மணி கொடுப்பவருக்கும் மரணம் என்றது. ஐந்து நாள் தாக்குப் பிடித்தார்கள், ஒன்பது கோழிகள் செத்தன, நோயில் செத்ததாக அறிவிக்கப்பட்டது.

மட்டக்களப்பு, அம்பாறை என்னும் நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் போர் ஆண்டுகளைக் கண்ட, நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் வாகனம் நின்றால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த வீடுகள் எல்லா ஊரிலும் எல்லாச் சமூகத்திலும் இருந்தன. அந்த ஆண்டுகளில் எதையும் சொல்லாமல் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய் தந்தையரைக் கோழைகள் என்று சொல்ல என் நா எழாது. அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள், எல்லாவற்றையும் கண்டவர்கள். பெஞ்சமின் வாய் திறந்திருந்தால் ஒன்பதாம் அத்தியாயம் வரை உயிரோடு இருந்திருக்குமா?

கல்லடி ஆசிரியை

தம்பி, நீங்கள் சொன்ன வீடுகளில் என் வீடும் ஒன்று. ஆகையால் அச்சத்தில் மௌனமாக இருந்தவர்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் வழக்கு அதற்கு முந்திய காலத்தைப் பற்றியது.

முதல் ஆண்டிலேயே, நாய்கள் வருவதற்கு முன்பே, பெஞ்சமினுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. புரட்சியைப் பற்றிக் கேட்டால், கழுதைகளுக்கு ஆயுள் நீளம், செத்த கழுதையை நீங்கள் எவரும் கண்டதில்லை என்று மட்டும் சொல்லும். எது வந்தாலும் பசியும் உழைப்பும் ஏமாற்றமும் மாறப்போவதில்லை என்பது அதன் எண்ணம். அச்சத்தால் வாயை மூடியவருக்கும், எதுவும் மாறாது என்ற முடிவினால் வாயை மூடியவருக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகையினரை நான் ஆசிரியர் அறைகளில் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், பெரும்பாலும் நம்மில் அதிகம் படித்தவர்கள்.

பெஞ்சமினுக்கு ஓர்வெல் கொடுக்கும் தண்டனையையும் பாருங்கள். பொக்சர் உழைத்துத் தளர்ந்து விழுந்த பிறகு ஒரு நண்பகலில் அதை ஏற்றிச் செல்ல வண்டி வருகிறது. களை பிடுங்கிக்கொண்டிருக்கும் விலங்குகளை நோக்கிப் பெஞ்சமின் கத்திக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடி வருகிறது. அது ஓடி எவரும் அதற்கு முன் கண்டதில்லை. மற்றவை வண்டியைச் சூழ்ந்து நின்று பொக்சருக்குப் போய்வா என்று விடை கொடுக்கின்றன. முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையா என்று கழுதை துள்ளிக் குதிக்கிறது. மியூரியல் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறது. அதைத் தள்ளிவிட்டுப் பெஞ்சமின் தானே உரத்து வாசிக்கிறது: குதிரை அறுப்பவன், தோலும் எலும்பும் விற்பவன் என்று. வாழ்நாளில் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கும்படி அது ஒன்றை வாசிக்கிறது, வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளே குளம்புகள் பலகையில் இடிக்கும் ஒலி கேட்கிறது. ஒரு காலத்தில் சில உதைகளில் அந்தப் பெட்டியைச் சிதறடித்திருக்கக்கூடிய கால்கள் அவை. ஒலி குறைந்து குறைந்து நின்றுபோகிறது.

இந்தப் பக்கங்களை வகுப்பில் நான் குரல் தடுமாறாமல் வாசித்து முடித்ததில்லை.

கல்முனைப் பழைய இடதுசாரி

நண்பர்கள் காட்சிகளை ஆழமாகப் பேசுகிறார்கள். நூலின் அரசியலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாவிட்டால், சமத்துவம் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களுக்கு இடம் கொடுத்தவர்களாவோம்.

ஓர்வெல் சோஷலிசவாதி. பீகாரில் மோதிஹாரியில் 1903இல் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியப் பொலிசில் வேலை செய்து, அந்த ஆட்சியின் அநியாயம் பொறுக்காமல் விலகியவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தி, 1937இல் தொண்டையில் குண்டு பட்டவர். அவருடன் நின்று போராடியவர்களை வேட்டையாடியது ஸ்டாலினின் ஆட்கள். அந்தக் காயத்திலிருந்து பிறந்த நூல் இது. நமக்கு இந்தச் சண்டை தூரத்துச் செய்தியும் இல்லை. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, ட்ரொட்ஸ்கியா ஸ்டாலினா என்ற கேள்வியில் 1940இலேயே பிளந்தது. வெளியேற்றப்பட்ட ஸ்டாலின் ஆதரவாளர்கள் 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். ஓர்வெல் லண்டனில் இக்கதையை எழுத உட்கார்ந்த அதே ஆண்டு அது.

1944இல் இதை வெளியிட மறுத்தவர்கள் பலர். போர்க்கால நட்பு நாடான சோவியத் ஒன்றியத்தைப் புண்படுத்தும் என்று பிரித்தானியத் தகவல் அமைச்சின் அதிகாரி ஒருவர் எச்சரித்ததால் ஏற்றுக்கொண்டிருந்த பதிப்பகமே பின்வாங்கியது. கவிஞர் டி. எஸ். எலியட் தாம் பணியாற்றிய பதிப்பகத்தின் சார்பில் எழுதிய மறுப்புக் கடிதத்தில், பன்றிகள்தாம் மற்ற விலங்குகளை விட அறிவுள்ளவை, ஆகவே ஆள்வதற்குத் தகுதியானவை, தேவைப்படுவது பொதுநலம் மிகுந்த பன்றிகளே என்ற பொருளில் வாதிட்டார். இவ்வளவு பெரிய கவிஞர் நூலை இப்படிப் பிடரியில் பிடித்துத் திருப்பியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கேள்வி கேட்கும் உரிமையைப் பற்றிய கதைக்கு, நல்ல எசமானைத் தேடுங்கள் என்பது எப்படி விடையாகும்?

1954இல் வந்த கேலிச்சித்திரத் திரைப்படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனம் இரகசியமாகப் பணம் கொடுத்தது. அதில் முடிவையே மாற்றி, விலங்குகள் இரண்டாம் முறை எழுந்து பன்றிகளைத் தாக்குவதாக வைத்தார்கள். நூலில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள், வெளியே நிற்பவர்களுக்கு எந்த முகம் எவருடையது என்று தெரியவில்லை. அந்தக் காட்சியில் மனிதரும் குற்றவாளிகள். அதைத்தான் படத்தில் வெட்டினார்கள்.

ஓர்வெலின் நேர்மைக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் குப்புற விழுந்தன என்று எழுதியிருந்ததை, அச்சுக்குப் போகும் தறுவாயில் ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜேர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மொஸ்கோவை விட்டு ஓடவில்லை, ஆகவே அவருக்கு அநீதி செய்யக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

காரைதீவுத் தமிழாசிரியர்

விலங்கை வைத்து ஆட்சியைப் பேசுவது நமக்குப் புதியது அன்று. புறநானூற்றில் 184ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. ஒரு மாவுக்குக் குறைந்த நிலமேயானாலும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும். நூறு வயலானாலும் யானை தானே இறங்கித் தின்றால் வாயில் புகுவதை விடக் காலால் அழிவது பெரிது என்கிறார். முறையறியாமல் வரி வாங்கும் அரசனின் நாடு ‘யானை புக்க புலம் போலத் தானும் உண்ணான் உலகமும் கெடுமே’ என்று முடிக்கிறார்.

ஓர்வெலோடு சேர்த்து வாசிக்கும்போது ஓரிடத்தில் இரண்டும் பிரிகின்றன. புலவர் அரசனை எச்சரிக்கும் வழி, நீயும் உண்ண மாட்டாய் என்பது. பன்றிகள் நன்றாகவே உண்கின்றன. பொக்சரை விற்ற பணத்தில் விஸ்கி வாங்கிக் குடிக்கின்றன; வயதானவர்கள் ஓய்வெடுக்க ஒதுக்கியிருந்த மேய்ச்சல் துண்டில் பார்லி விதைத்து மது காய்ச்சுகின்றன. உலகம் கெடுகிறது, ஆள்பவன் கொழுக்கிறான். சங்கப் புலவர் காணாத ஒன்றை இருபதாம் நூற்றாண்டு கண்டுவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்று, பிசிராந்தையார் இதை அரசனின் முகத்துக்கு நேரே பாடினார். பண்ணையிலும் மினிமஸ் என்றொரு கவிஞர் உண்டு. அது நெப்போலியனைப் புகழ்ந்து பாட்டுக் கட்டியதோடு சரி.

படுவான்கரை விவசாயி

யானை இறங்கிய வயலை விடியற்காலையில் வரம்பில் நின்று பார்த்தவனுக்கு அந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை, ஐயா. தின்றது ஒரு மூலை. மிதித்தது முழுக் கண்டம்.

பொக்சரைப் பற்றி எல்லாரும் இரக்கத்தோடு பேசுகிறோம். நானும் அழுதவன்தான். ஆனாலும் ஏழாம் அத்தியாயத்தில் நாய்கள் பொக்சர் மீது பாயும் இடத்தை யாரும் இங்கே தொடவில்லை. ஸ்னோபோல் தொடக்கத்திலிருந்தே துரோகி என்று தான் நம்பவில்லை என்று அதற்குச் சில நாள் முன்னால் அது வாய் விட்டுச் சொல்லியிருந்தது. ஆகையால்தான் அன்று மூன்று நாய்கள் அதன் மேல் பாய்கின்றன. பொக்சர் தன் பெரிய குளம்பை நீட்டி ஒரு நாயை அந்தரத்திலேயே பிடித்து மண்ணோடு அழுத்துகிறது. நாய் உயிருக்குக் கெஞ்சுகிறது, மற்ற இரண்டும் வாலை மடித்துக்கொண்டு ஓடுகின்றன. பண்ணை முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கணத்தில் பொக்சர் என்ன செய்கிறது? நசுக்கவா விடவா என்று கேட்பதுபோல நெப்போலியனின் முகத்தைப் பார்க்கிறது. நெப்போலியன் விடு என்கிறது. விடுகிறது.

காப்பாற்றியிருக்கக்கூடிய இடம் எது என்று கேட்டீர்கள். பால் காணாமல் போன மாலை முதலாவது என்றால், இதை நான் கடைசியாக வைப்பேன். அந்தக் குளம்புக்கு அடியில் முழு ஆட்சியும் கிடந்தது. பெருநிலக்காரரான போடியாரின் வயலில் முல்லைக்காரனாக, அதாவது அவருக்காக வயல் செய்பவனாக, உழைத்த என் அப்பாவுக்கு 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்து, குத்தகையாளனை நினைத்தபடி எழுப்ப முடியாது என்று ஆன பிறகும், போடியார் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கும். சட்டம் அப்பாவின் பக்கம் இருந்தது. கை அதை நம்பவில்லை. பொக்சரின் பார்வையை வாசித்தபோது எனக்கு அப்பாவின் கைதான் தெரிந்தது.

வந்தாறுமூலை மாணவி

ஐயா எழுதியதை வாசித்த பிறகு மீண்டும் அந்த அத்தியாயத்துக்குப் போனேன். ஸ்னோபோலைப் பற்றி நான் கேட்டதற்கும் விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து இந்தக் கதையின் சில பகுதிகளைக் கூத்து வடிவில் நிகழ்த்திப் பார்க்க எண்ணியிருக்கிறோம். வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருமுன் கட்டியகாரன் வந்து அவன் பெருமையைக் கூறுவான் அல்லவா; ஸ்குவீலரைக் கட்டியகாரனாக ஆக்கினால் பொருந்துமா? முடிவை எப்படி வைப்பது என்பதிலும் எங்களுக்குள் வாக்குவாதம். பார்ப்பவர்கள் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும், விலங்குகள் எழுந்து நிற்பதாக முடிப்போம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

அக்கரைப்பற்று வாசகர்

தங்கை, முடிவை மாற்ற வேண்டாம். அந்தத் திரைப்படக்காரர்கள் செய்த வேலையை நீங்களும் செய்யாதீர்கள். கோழிகளின் ஐந்து நாளை முழுமையாகக் காட்டுங்கள். எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது போதும். அந்த எதிர்ப்பைத் தொடங்கி வைத்தவை மூன்று இளம் கோழிகள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியை அவர்களுக்கும் ஒரு சொல். அச்சத்துக்கும் அவநம்பிக்கைக்கும் நீங்கள் காட்டிய வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் என் கருத்து அப்படியே நிற்கிறது: ஆறாம் கட்டளையை வாசிக்க மறுத்த அந்த நாளில் பெஞ்சமினுக்கு அச்சமும் இருந்தது. சில நாளுக்கு முன்புதான் பண்ணைக் காற்றில் இரத்த வாடை கனத்திருந்தது என்று நூலே சொல்கிறது.

கல்லடி ஆசிரியை

அந்த நாளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது நியாயம், தம்பி. முதல் ஆண்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிள்ளைக்கு: ஸ்குவீலர் கட்டியகாரனாக வரலாம், நன்றாகப் பொருந்தும். ஆனால் கட்டியகாரன் சபைக்குத் தெரிந்தே புகழ்பவன். ஸ்குவீலரோ இலக்கங்களோடு வரும். உணவு உற்பத்தி இருநூறு வீதம், முந்நூறு வீதம், ஐந்நூறு வீதம் கூடிவிட்டது என்று தாளைப் பார்த்து வாசிக்கும்; பங்கைக் குறைத்தால் குறைப்பு என்று சொல்லாது, சீரமைப்பு என்று சொல்லும். ஆகவே கையில் ஒரு நீண்ட காகிதத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு வரவிலும் காகிதம் நீளட்டும், பின்னால் நிற்கும் விலங்குகள் மெலியட்டும்.

பொக்சர் நாயை மிதிக்கும் இடத்தில் மத்தளத்தையும் தாளத்தையும் முற்றாக நிறுத்திவிடுங்கள். பொக்சராக ஆடுபவர் தலையைத் திருப்பி நெப்போலியனைப் பார்ப்பதற்குக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்பதில்தான் காட்சி இருக்கிறது. அவசரப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மியூரியலுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கும் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருகிறது. அதற்கு உங்களுக்குள் யாரைத் தெரிவு செய்திருக்கிறீர்கள்? ஒத்திகைக்கு நான் வரலாமா?